மட்டம்

வீரவநல்லூர் தாண்டி, கன்னடியன் கால்வாயில்
ஏழாம் மடைச் சுவரில் என் பெட்டி.
உள்ளே சுண்டுவிரல் நகமளவு சில்லு
இரண்டு மைக்ரோ ஆம்பியரில் உறங்குகிறது.
ஒரே பேட்டரியில் மூன்று வருஷம் என்று
நான்தான் வாய்விட்டிருந்தேன்.

மேசையில் எழுந்தது.
மடையில் எழவில்லை.
ராத்திரி தண்ணீர் ஏறி, மிதவையை இடித்து,
உலகம்மாளின் நாற்றங்காலை முக்கிவிட்டுப் போயிற்று.
"ஒம் பொட்டி நல்லா ஒறங்குதுட்டி."

வரப்பில் குந்தி, மடியில் லேப்டாப்,
கையேட்டில் ஒரு அடிக்குறிப்பு:
ஆழ்ந்த உறக்கத்தில் கடிகாரம் நின்றுவிடும்.
நின்றபின்
மேலிருந்தது கீழே விழுந்த கணத்தை அது அறியாது.
ஒப்பிட்டுப் பார்க்க
அதனிடம் 'முன்பு' இல்லை.
கீழே இருக்கிறது, இன்னும் கீழேயே இருக்கிறது,
அவ்வளவுதான் எட்டும்.

நானோ
தட்டிவிட்டு ஓடுகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறேன்.
மிதவையும் அப்படித்தான், அலையில் தொட்டுத் தொட்டு விலகும்.

ஒரு கெப்பாசிட்டரைப் பற்றவைத்தேன்,
தட்டிய கை கொஞ்சம் அங்கேயே இருக்கட்டும் என்று.
எழுந்ததும் முதல் வேலை அந்தக் காதை அடைப்பது;
இல்லையென்றால் மூதி
எழுந்தேன் எழுந்தேன் என்றே சொல்லிக்கொண்டிருக்கும்,
ஒரு வேலை நடக்காது.

கம்பியைத் தரையோடு சேர்த்துப் பிடித்தேன்.
விட்டுவிடலாமா என்று தோன்றிய நேரம்
பாக்கெட்டில் போன் அதிர்ந்தது.
உலகம்மாள் எண்ணையும் போட்டுவிட்டு வந்தேன்.

வியாழன், இரண்டு நாற்பது.
குறுஞ்செய்தி. கண்ணாடியைத் தேடுவதற்குள்
அவளே கூப்பிட்டாள்.
பின்னால் தண்ணீர்ச் சத்தம்.
"பலகய போட்டாச்சு. நீ ஒறங்கு."