ஏணி

மருத்துவர் பெரிசா காகிதத்தில் மூளையை வரைந்தபோது
அது எங்கள் ஊரைப் போலவே இருந்தது:
வால்பராய்சோ. குன்றுக்குமேல் குன்று,
தகரக் கூரைகளின் மடிப்பும் சந்தும்.
இடப்பக்கம் ஒரு தெருவுக்குக் கரி பூசினார்.
"இங்கேதான் ரத்தம் நின்றது. நாலு மணி நேரம்."

எவரிஸ்டோ முப்பத்தெட்டு வருடம்
சம்பளம் வாங்காத தீயணைப்புக்காரன்.
வலது கையைத் தலையணைமேல்
யாரோ மறந்துவிட்டுப்போன கையுறைபோல வைத்துக்கொண்டு
கேட்டுக்கொண்டிருந்தான்.

"முதலில் ஓடிவரும் வெள்ளணுக்கள்
உதவிக்குத்தான் வருகின்றன. வந்த வேகத்தில்
கதவை உடைக்கும், நல்ல சுவரையும் இடிக்கும்,
எரியாத வீட்டையும் நனைத்துவிடும்."
அவன் பாதி வாயால் சிரித்தான்.
அந்தப் பியானோவை நினைத்திருப்பான்:
தீ தொடாத அறையில்
இவன் பீய்ச்சிய தண்ணீரில் ஊறி வெடித்தது.
திருமதி இனோஸ்த்ரோசா பதினோரு வருடம்
இவன் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லவில்லை.

"அப்புறம்?" என்றேன்.
அப்புறம் அக்கம்பக்கத்தார்.
மூளையிலேயே குடியிருக்கும் சின்ன அணுக்கள்,
நாம் பிறக்கும் முன்பே வந்து குடியேறியவை.
அவையும் முதலில் கூச்சல்தான் போடுமாம்.
பிறகு சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு
செத்ததைத் தின்னத் தொடங்குமாம்,
வாரக்கணக்கில், வாய் ஓயாமல்.

எனக்கு அது தெரியும். குன்று எரிந்த வருடம்
கம்பிவண்டியின் டிக்கெட் ஜன்னலில் நான்தான் இருந்தேன்.
மண்வெட்டியும் வாளியுமாய் மேலே போனவர்களிடம்
காசு வாங்கவில்லை.
கரியாய் இறங்கி வந்தார்கள்,
ஒருத்தன் மடியில்
கருகிய தையல் இயந்திரத்தின் சக்கரம்.

கடைசியாக வருபவை கொஞ்சம்தான்.
இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம்.
அவை இடிப்பதுமில்லை, அள்ளுவதுமில்லை.
"போதும், கோடரியைக் கீழே போடு" என்று
மற்றவற்றிடம் சொல்வதுதான் முக்கிய வேலை.
"அவற்றை வரவழைக்க மருந்து உண்டா?"
பெரிசா பேனாவை மூடினார்.
"எலிகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்."

வீட்டுக்கு வந்தோம்.
கரண்டி வேண்டுமென்றால் "ஏணி" என்றான்.
கண்ணாடி, தண்ணீர், கழிப்பறை, நான்
எல்லாம் ஏணி.
பத்தொன்பதாம் நாள், பொறுக்க முடியாமல்,
கூரையில் சாத்தியிருந்ததை இழுத்துவந்து
கட்டிலருகே நிறுத்தினேன். இந்தா!
பிறகு அதை எடுக்க மனம் வரவில்லை.
ஈரத்துணி காயப்போட்டேன்.

உள்ளே யார் எதை அள்ளிக்கொண்டிருந்தார்களோ.
அவன் தூங்கும்போது
நெற்றியில் காதை வைத்துப் பார்த்திருக்கிறேன்.
கேட்டதெல்லாம் துறைமுகத்துச் சங்கு.

ஆகஸ்டு. தகரத்தில் மழை கொட்டிய காலை.
அவன் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தான்,
படிபடியாய், கீழிருந்து.
உதடு இரண்டு தடவை கூடிப் பிரிந்தது.
பிறகு, தெள்ளத்தெளிவாக,
அதைப் பார்த்தே சொன்னான்:

"கரண்டி."

நான் எழுந்துபோய்
சூப்பைச் சூடாக்கினேன்.