நூற்றுப் பன்னிரண்டாம் கதவு

உருளைக்கிழங்கு அள்ளி முடித்த வயல்களின்
ஓரத்தில் மட்டும் நேற்றைய பனி.
தேர்தலுக்கு இன்னும் ஒன்பது நாள்.
ஓடீல் பெல்கி,
மெய்ன் மாநிலப் பேரவை உறுப்பினர், முதல் தவணை,
அதற்கு முன் பத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.
துண்டறிக்கையில் நான் இப்படித்தான் இருக்கிறேன்.
"பல் தெரியட்டும்மா" என்று மகள் மூன்று தடவை சொன்ன பிறகு
படத்தில் சிரிக்கிறேன்.

படத்துக்குக் கீழே நான்கு வரி.
ஓடைப் பாலம் மறுபடி திறந்தது.
ஆம்புலன்ஸுக்கு இரவு ஓட்டுநர் இருவர்.
எழுபத்தொரு வீடுகளுக்குக் குளிர்கால எண்ணெய்.
ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை.

கடைசி வரி பொய்யில்லை.
மார்ச்சில் ஒரு நாள் மட்டும்
கண்ணைத் திறந்தபடி தூங்கினேன்,
இரவெல்லாம் பனியில் வண்டியோட்டி வந்து
மீன்பிடி உரிமக் கட்டணம் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது.

பாலத்தையும் நானா கட்டினேன்?
எதிர்வரிசைக்காரர் ஒருவருக்குப்
பனிவண்டித் தடம் ஒன்று வேண்டியிருந்தது.
அவர் தடத்துக்கு நான் கை தூக்கினேன்,
என் பாலத்துக்கு அவர் கை தூக்கினார்.
கைமாற்று என்று எங்கள் ஊரில் பணத்துக்குச் சொல்வோம்.
மன்றத்தில் அதற்கு வேறு பெயர், மறந்துவிட்டது.

நூற்றுப் பன்னிரண்டாம் வீடு கெர்மேன் ஊலெட்டுடையது.
முற்றத்தில் நீலப் பலகை:
டிராக்டர் விற்கும் ஸ்டெட்சனுக்கு வாக்களியுங்கள்.
திரும்பிவிடலாம் என்றது கால்.
அதற்குள் கதவு திறந்துவிட்டது.

பிப்ரவரியில் இவர் எண்ணெய்த் தொட்டி காலி.
விண்ணப்பம் ஏதோ அலுவலகத்தில் தொலைந்துபோய்
பதினான்கு முறை அழைத்தேன்.
காத்திருக்கச் சொல்லி அவர்கள் போடும் மெட்டு
இன்றும் பாத்திரம் தேய்க்கும்போது வாயில் வருகிறது.
வெள்ளிக்கிழமை மாலை லாரி வந்தது.
அதற்குள் அவர் இரண்டு நாற்காலிகளை எரித்திருந்தார்.

இப்போதும் சமையலறையில் இரண்டுதான்.
ஒன்றில் என்னை உட்காரவைத்தார்,
மற்றதில் பூனை இருந்தது, எழுப்பவில்லை.
நின்றபடியே அறிக்கையைப் படித்தார்,
உதடசைய, மெதுவாக,
விலைச்சீட்டைச் சரிபார்ப்பவர் மாதிரி.

"எழுபத்தொன்றில் நானும் ஒருத்தன்" என்றார்.
"ஆமாம்" என்றேன்.
"ஸ்டெட்சன் என் தவணையை ஆறு மாசம் தள்ளிவைத்தான்.
பலகை வைக்கலாமா என்று கேட்டான்."
"நல்ல மனிதர்" என்றேன்.
சொல்லும்போது அது உண்மைதான் என்று பட்டது,
கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

காபி ஆறியது.
அவர் அறிக்கையைப் புரட்டினார். பின்பக்கம் வெள்ளை.
"வளைவில் ஒரு விளக்கு என்றீர்களே,
பிள்ளைகள் பேருந்துக்கு நிற்கிற இடத்தில்.
போன தடவை,
இதே கதவில்."

வாக்கு.
கொடுப்பதற்கும் கேட்பதற்கும்
ஒரே சொல்லை வைத்தவர் யாரோ,
இப்படியொரு சமையலறையில்
ஒருநாள் மாட்டியிருக்க வேண்டும்.

மறந்திருந்தேன்.
பத்தொன்பது வருடம் அந்த வளைவில்
இருட்டில் பிரேக் மிதித்தவள், நான் மறந்திருந்தேன்.
குழு, நிதி, மின்வாரியம் என்று தொடங்கிய நாக்கை
அடக்கிக்கொண்டு
அவர் கையிலிருந்த தாளை வாங்கி
வெள்ளைப் பக்கத்தில் எழுதினேன்: வளைவு. விளக்கு.
எழுதியதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
பிறகுதான் தெரிந்தது,
அது என்னிடம் இருக்க வேண்டிய சீட்டு.
திரும்பக் கேட்க வெட்கம்.
அவர் அதைக் குளிர்பெட்டிக் கதவில்
காந்தம் வைத்து ஒட்டினார்,
என் சிரிப்பு உள்பக்கம் போக.

யாருக்குப் போடுவீர்கள் என்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

வெளியே ஐந்து மணிக்கே இருட்டு.
சாலை எங்கே பள்ளம் எங்கே என்று தடவி நடந்தேன்.
பின்னால் ஓர் எஞ்சின் இருமியது.
கெர்மேன் ஊலெட்
ஸ்டெட்சனின் டிராக்டரில் ஏறி
முகப்பு விளக்கை வளைவு வரைக்கும் பாய்ச்சினார்.

அந்த வெளிச்சத்தில்
மின்கம்பம்கூட இல்லாத வளைவு தெரிந்தது.
என் நிழல் எனக்கு வெகுதூரம் முன்னால் போய்
நூற்றுப் பதின்மூன்றாம் வீட்டு வேலியில் விழுந்ததும்
ஒரு நாய் குரைக்கத் தொடங்கியது.