முப்பது வொட்

கையிலிருக்கும் செட்டுக்கு ஐந்து வொட்.
கொட்டாஞ்சேனை மொட்டைமாடியில் நின்று அமத்தினால்
கொள்ளுப்பிட்டி வரை போகும்,
அங்கே ஹோட்டல்களின் முதுகில் மோதி
விழுந்துவிடும்.

மருதானையில், பழைய சாமான் கடையில்,
விலை பேசி எடுத்தேன் ஒரு பெருக்கி.
செங்கல் அளவு, செங்கலைவிடப் பாரம்,
மீன் செட்டை போல முதுகெல்லாம் அலுமினியத் தகடு.
ஒன்று கொடு, முப்பது தருகிறேன் என்கிறது,
சீட்டுப் பிடிக்கிறவர் பேச்சுப் போல.
"செட்டக் கொறச்சி வைங்க" என்றார் கடைக்கார பர்வீஸ்.
"அஞ்சயும் குடுத்தா எரிஞ்சி போகும்.
நீங்க மெதுவாப் பேசினாத்தான் இது சத்தம் போடும்."

வானின் பட்டரியிலிருந்து சிவப்பும் கறுப்புமாய்
தடித்த இரண்டு வயர், நடுவில் பியூஸ்.
கூரையில் காந்தக் கால் ஊன்றிய அன்டெனா.
இருபது வருடம் முந்தி
இதில் ஒரு முழ வயர் என் பையில் இருந்திருந்தால்...
விடுங்கள். இப்போது லைசென்ஸ் இருக்கிறது,
பிளாஸ்டிக் உறை போட்டு, டிசம்பர் வரை.

சுகிர்தா மாடியில், இதே போல் ஒரு சின்னச் செட்டுடன்.
நான் தெற்கே.

"கேக்குதா?" என்றேன் காலிமுகத்திடலில்.
"கேக்குது" என்றாள்.
"கேக்குதா?" பம்பலப்பிட்டியில்.
மணல் கொட்டுகிற இரைச்சல், அதன் அடியில்
"...குது."
வெள்ளவத்தையில் கேட்டேன். ஒன்றுமில்லை.
தெஹிவளைப் பாலத்தில். ஒன்றுமில்லை.
கல்கிசையில், இறால் பொரிக்கும் வாசத்துக்கு நடுவே,
ஏழு தரம் கேட்டேன்.

பர்வீஸ் சொல்லாமல் விட்டது அப்போதுதான் உறைத்தது:
பெட்டி என் வாயைத்தான் பெருக்கும்.
என் காதுக்கு ஒன்றும் செய்யாது.
அவள் வாய்க்கும்.

திரும்பும்போது கடலோரப் பாதையில் டோர்ச் வெளிச்சம்.
வானை ஓரங்கட்டினேன்,
செட்டைத் தொடையிடுக்கில் செருகினேன்.
"மொகக்த மே?" வயரைப் பார்த்துக் கேட்டான் கொன்ஸ்டபிள்.
சின்னப் பையன், மீசை இன்னும் யோசனையில்.
நாற்பது வருடமாய் இந்த நகரில் சிங்களம் பேசுகிறேன்,
கடையில், கந்தோரில், பஸ்ஸில் சண்டைக்கும்கூட.
டோர்ச்சுக்கு முன்னால் மட்டும்
அது அரை வொட்டுக்கு இறங்கிவிடுகிறது.
"சேர்" என்றேன். அவனுக்கு என் மகன் வயது.
பொழுதுபோக்கு என்றேன். மனைவி மாடியில் என்றேன்.
இன்னொரு முறை "சேர்" என்றேன்.
லைசென்ஸை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துச் சிரித்தான்,
எனக்கும் ஒன்று வாங்கித் தாங்க அங்கிள் என்றான்
தன் பாஷையில். போகச் சொன்னான்.

கியரை மாற்றும்போது பெட்டியில் கை பட்டது.
தோசைக்கல்.
சும்மா கிடந்த பெட்டி ஏன் சுட வேண்டும்?

வீட்டில் சுகிர்தா
மின்சாரப் பில்லின் பின்பக்கத்தைக் காட்டினாள்.
நேரம் போட்டு எழுதியிருக்கிறாள்.
7.52 வெள்ளவத்தை. கேக்குது எண்டன்.
8.05 தெஹிவளை. கேக்குது எண்டன்.
8.20 கல்கிசை. ஏழு தரம். ஏழு தரமும் சொன்னன்.
8.41.
அதற்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

"தொடையால பொத்தானை அமத்திக்கொண்டு இருந்திருக்கிறீங்கள்"
என்றாள். "மூண்டு நிமிஷம்."

அப்படியென்றால் அந்த "சேர்"
முப்பது வொட்டில் போயிருக்கிறது.
முகத்துவாரத்துக்கு, வத்தளைக்கு,
துறைமுகத்தில் இந்த அலைவரிசையில் யாரும் விழித்திருந்தால்
அவருக்கும்.
என் வாழ்நாளில் நான் ஆகச் சின்னதாய்ப் பேசியது
ஆகத் தூரம் போயிருக்கிறது.

"நீ என்ன செய்தனீ?"

"கத்தினன். லைசென்ஸ் டிசம்பர் மட்டும் இருக்கெண்டு.
சிங்களத்தில."
சோற்றைப் போட்டாள். அப்பளத்தை எண்ணி வைத்தாள்.
பக்கத்து மாடிக்காரர்
லைட்டைப் போட்டுப் பார்த்தாராம்.