மற்றவை

படகு எண் என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.
வலை வகை: அதற்கும் ஒரு கோடு.
இஞ்சின் குதிரைத்திறனைக் கேட்கவே இல்லை,
கேட்டால் சிரித்திருப்பாள் தேசம்மா.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு மேற்கே
ரயில் பாலத்தின் நிழல் விழும் திட்டில்
மேசை போட்டிருந்தோம்.
எண்ணெய் வந்து பதினோராம் நாள்.
அலையாத்திச் செடிகள்
முழங்கால்வரை கறுத்து நின்றன.
ஒரு கொக்கு தன் காலைத் தானே
சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்போ எதுல புடிப்பீங்க?"
இரண்டு கைகளையும் விரித்து மேசைமேல் வைத்தாள்.
நேற்றும் இறங்கிப் பார்த்திருக்கிறாள் போல.
கணினியில் பட்டியலை இறக்கினேன்:
செவுள் வலை, வீச்சு வலை, சுருக்கு வலை,
தூண்டில், மற்றவை.
கை இல்லை.

சொல்லுங்க எழுதிக்கறேன் என்றேன்,
எழுத இடமில்லை என்று தெரிந்தே.

வத்தம் வுழுந்ததும் எறங்குவோம்.
இடுப்பளவு, சில நாளு கழுத்தளவு.
ஓலைப் பறிய பல்லால கடிச்சுக்கணும்,
பேச முடியாது, அதுவும் நல்லதுதான்.
சேத்துல வெரல விரிச்சு நடத்திக்கினே போவணும்.
ஆளி அறுக்கும். கெளுத்தி முள்ளு ஏறும்.
எறா மட்டும் வெரலுக்குக் கீழ
கொழந்த விக்கல் மாதிரி ஒரு துள்ளு.
அமுக்கக் கூடாது, மூடணும்.
மூடினாத் தெரிஞ்சிடும்,
சுண்டுவெரலவிடச் சின்னதா,
வயித்துல சினை ஒட்டிக்கினு இருக்குதா.
கலங்கின தண்ணில கண்ணு எதுக்கு?

"சீக்கிரம்மா" என்றான் பின்னால் எத்திராசு.
அவனுக்குப் படகு உண்டு, எண் உண்டு,
குப்பத்துக்குக் குப்பம் முறைவைத்து வரும் பாடும் உண்டு.
இந்த முறை அவன் பாடு புதன்கிழமை.
எண்ணெய் முறை பார்க்கவில்லை,
செவ்வாயே வந்துவிட்டது.

நாளொன்றுக்கு இழப்பு, கிலோவில்.
"ரெண்டு. நல்ல தண்ணின்னா மூணு."
இரண்டு என்று தட்டினேன்.
அவள் நகரவில்லை.

"வுட்டதுங்க?"

"எதும்மா?"

"புடிச்சு, தடவிப் பாத்து, திருப்பி வுட்டேனே.
சினைங்க. பொடிசுங்க.
பங்குனிக்கு ஆவும்னு வுட்டது.
அதுவும்தான் செத்துச்சு.
அத எந்தக் கட்டத்துல போடுவ?"

அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி
மெதுவாகப் புகைத்துக்கொண்டிருந்தது.
நான் படிவத்தை மேலும் கீழும் உருட்டினேன்.
விட்டதற்குக் கட்டம் இல்லை.

கைரேகைக் கருவியை நீட்டினேன்.
வலது கட்டைவிரல். சிவப்பு விளக்கு.
முந்தானையில் துடைத்து மறுபடி. சிவப்பு.
ஆள்காட்டி, நடு, மோதிரம்.
இடது கை. ஒவ்வொன்றாக.
பத்தும் முடிந்தது.

"ரேகையே இல்லம்மா."

"இருந்துச்சு" என்றாள்.
"ஆத்துல கெடக்கும், தேடிப் பாரு."

பறியை இடுப்பில் செருகிக்கொண்டு
கரையோரமாக நடந்துபோனாள்.
காலியான பறி, ஆனாலும்
அது நனையாமல் பார்த்துப் பார்த்து நடந்தாள்.

மேசைமேல் அவள் கை வைத்த இடத்தில்
கறுப்பாகப் பத்து விரல்கள்.
காகிதத்தால் தேய்த்தேன். பரவியது.
மண்ணெண்ணெய் வேண்டும் என்றார் கிராம உதவியாளர்.
எத்திராசு தன் ஆதார் நகலை, ரேஷன் அட்டையை,
படகுப் பதிவுத் தாளை
அதன்மேல் பரப்பினான்.

படகு எண் சொல்லுங்க என்றேன்.