அடுத்த மாதம்

"ஓடம் ஏறினது எத்தனை மணிக்கு?"
பெரிய டொக்டர் கேட்கிறார்.
ஏசி அறை. மேசையில் ரோல்ஸ், பிளேன்டீ.
நான் கொண்டுவந்தது அவளுடைய அட்டை,
ஓரம் மடங்கி, மஞ்சள் கறையோடு.

கலைவதனி. முப்பத்துநாலு. மண்டூர்.
மூன்று பிள்ளை, மூன்றும் வயிற்றைக் கீறி.
நாலாவதில் சூல்வித்தகம்
பழைய தழும்புக்குள் வேர் விட்டது.
ஸ்கேனில் கண்டதும் திகதி குறித்தோம்,
பதினேழு, புதன்.
இரத்தம் வந்தது பதினொன்று விடியப்புறம்.

மார்கழி வெள்ளம் ஐயா,
பட்டிருப்பால் போகிற ரோட்டு மூடிக்கிடந்தது.
ஓடம் குருமண்வெளிப் பக்கம் நின்றது.
புவிதரன் போன் லைட்டை ஆட்டி ஆட்டிக்
கூப்பிட்டானாம். இருபது நிமிசம்.
களுவாஞ்சிக்குடியில் ஒரு பைந்த் ஏற்றி
மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள்.

பிறகு உங்களுக்குத் தெரியும்.
நாலே முக்காலுக்குப் பிள்ளை. பெண். இரண்டு கிலோ எழுநூறு.
ஐந்தரைக்குக் கருப்பையை எடுத்தீர்கள்.
காத்தான்குடி ஓட்டோக்காரர் ஒன்பது பேர்
சுபஹு தொழுத கையோடு
இரத்த வங்கி வாசலில் நின்றார்கள்.
அவள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது.
கடைசியில் அவளுக்குள் ஓடினது முழுக்க
பிறத்தியார் இரத்தம்தான்.
ஏழு பத்துக்கு அதுவும் நின்றது.

அவளைத் தந்தார்கள்.
கருப்பை வேறு கட்டடத்தில், போத்தலுக்குள், சோதனைக்கு.
"முழுசாத்தான் தந்தாங்களா மிஸ்ஸி?"
புவிதரன் கேட்டான்.
நான் பிள்ளையின் கண்ணில் மஞ்சள் இருக்கா என்று
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாம் தாமதம், இரண்டாம் தாமதம், மூன்றாம் தாமதம்.
எங்கே சரி போடுவது என்று பேசுகிறார்கள்.
ஓடத்துக்குப் போடலாம் என்கிறார் ஒருவர்.

இதற்குக் கட்டம் இல்லை, ஐயா:
போன வருசம் பங்குனி, கிளினிக் நாள்,
வெயிலில் மூன்றாவதை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.
"இனிப் போதும் மிஸ்ஸி, ஊசி போடுங்க."
ஊசி முடிந்திருந்தது.
"அடுத்த மாதம் வா" என்றேன்.
அடுத்த மாதம் வேளாண்மை வெட்டு,
அவள் வரவில்லை.
நானும் தேடிப் போகவில்லை.

வாய் திறந்து சொல்லிவிட்டேனா,
நினைத்தேனா தெரியாது.
அவர் அடுத்த கோப்பைத் திறக்கிறார்.
யாரோ ரோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளுகிறார்கள்.

நாளை எனக்கு மண்டூரில் வேலை.
பிள்ளையை நிறுக்க வேண்டும்.
அட்டையில் தாய்ப்பால் என்ற இடத்தில்
ஒரு கோடு இழுக்க வேண்டும்.
இப்போது அலுமாரி நிறைய ஊசி இருக்கிறது.
ஓடம் எந்தக் கரையில் நிற்குமோ.