பதினொன்று நாற்பது

பீன்யா இரண்டாம் கட்டம். இரவு ஷிப்ட்.
ஒரு பல்சக்கரம் வெட்டி முடிய
பதினொரு நிமிடம் நாற்பது நொடி.
கதவைச் சாத்தி, பச்சைப் பொத்தானைத் தட்டி
நோட்டைத் திறக்கிறேன்.

ஒரு சக்கரத்துக்கு நான்கு எழுத்து.
ஐந்தாவதைத் தொட்டால் முதலாவது உதிர்ந்துவிடுகிறது.
போன ஞாயிறு அறையில் உட்கார்ந்து
மூன்று மணி நேரம் ஒரே மூச்சாய்ப் படித்தேன்.
எதிர்வீட்டு மாடியில் எத்தனை தண்ணீர்த் தொட்டி என்பது
மனப்பாடமானதுதான் மிச்சம்.

'மா'வை நேராக நீட்டினால் அம்மா.
எங்கள் கேட்டுக்கு வெளியே போகும் சாலை போல
இறங்கி ஏறினால் குதிரை.
குதிரையை நான் தனியாகப் படிக்க வேண்டாம்,
பழைய தமிழிலும் அது மாதான்.
கூலன்ட் இரைச்சலுக்குள் கத்திப் பழகுகிறேன்.
தப்பாய்ச் சொன்னாலும் யாருக்கும் கேட்காது.

பசவராஜு எட்டிப் பார்த்தான்.
"என்னப்பா, ஷாவிகெ காயப் போட்டிருக்கிறாயா?"
'கதவு' எழுதிக் காட்டினேன்.
கதவு மாதிரியே இருந்ததால் அவன் நம்பவில்லை.

இரண்டு வருடமாய்
ஒவ்வொரு சக்கரமும் இறங்கும்போது
திரையின் மூலையில் சிமிட்டும் இரண்டு எழுத்து.
கம்பெனி முத்திரை என்றிருந்தேன்.
ஆயுத பூஜைக்கு அதன்மேல்
பொட்டுகூட வைத்தேன்.

இன்று இருபத்து மூன்றாவது சக்கரத்தில்
வாசித்தேன்:
முடிந்தது.

"ஏனாய்த்து?" என்றான் பசவராஜு,
நான் அப்படியே நிற்பதைப் பார்த்து.

கதவைத் திறந்து
அடுத்த இரும்பைப் பூட்டினேன்.
பதினொன்று நாற்பது.
பதினொன்று முப்பத்தொன்பது.