உட்புகா முறை

படிவத்தின் தலைப்பு:
உட்புகா முறையில் இதயத்தின் இழைமணிகளை ஆராய்தல்.
பதின்மூன்றாம் கேள்வி:
உடலில் உலோகம் ஏதும் உண்டா?

கிளிநொச்சி ஆஸ்பத்திரி வளவில்
பல்கலைக்கழகத்தின் நீட்டு லொறி.
உள்ளே காந்தம், பக்கத்தில் ஜெனரேற்றர்.
காப்பு, தோடு, கொண்டை ஊசி
எல்லாம் கிண்ணத்தில் போட்ட பிறகும்
ஆட்கள் கொஞ்சம் நின்று யோசிக்கிறார்கள்.

யோகமலர், விசுவமடு, நாற்பத்தேழு.
எக்கோவில் வால்வு சரி, சுருக்கம் சரி.
ஆனால் கிணற்றடியிலிருந்து குசினிக்கு
ஒரு வாளி தண்ணீர்
மூன்று தவணையில் வருகிறது.
பம்ப் பழுதில்லை, எண்ணெய் எரியுதோ என்று
பார்க்கவேணும் என்றார் டொக்டர்.

அதற்குத்தான் காந்தம்.
கத்தியில்லை, ஊசியில்லை.
குப்புறப் படுத்தால்
இதயத் தசைக்குள் பொசுபரசு முனகும்.
கண்ணாடிக்கு இப்பால் நான் அதைக் கோடாய்க் காண்பேன்:
உயர்ந்த முனை ஒன்று, அது சேமிப்பு.
பக்கத்தில் சின்னதாய் மூன்று, கைச்செலவு.
சேமிப்பு இரண்டு மடங்கை அண்டி நின்றால்
வீடு நடக்கிறது.
ஒன்றரைக்குக் கீழே போனால்
இதயம் அடகு வைத்துத் துடிக்கிறது.

"பொசுபரசோ? வயலுக்கு எறியிறதுதானே" என்றார்.
பிறகு வேறேதோ நினைவு வந்தவர்போல்
பேச்சை விட்டார்.

பதின்மூன்றுக்கு இல்லை என்றார்.
எக்ஸ்ரே உண்டு என்றது.
இடது ஐந்தாம் விலாவுக்குப் பின்னால்
குறுணியரிசி அளவில் வெள்ளையாய் ஒன்று.
"அது ஆறின காயமெல்லோ."
பதினேழு வருடமாய்
அடுத்த வளவுக்காரனைப்போல்
அது அந்தத் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.
காந்தம் கூப்பிட்டால் எழும்பி நடக்கும்.

மகள் கவியரசி, ஏ.எல் பயோ.
"இழைமணி அம்மாவிட்ட இருந்து மட்டும்தானே வாறது அக்கா?
எனக்குள்ள இருக்கிறதும் அதுதான்.
நான் எல்லாம் முடிஞ்சாப் பிறகு பிறந்தனான்,
என்னில ஒண்டும் இல்லை. என்னை விடுங்கோ."
சொல்லி முடிக்குமுன் தலை ஊசியைக் கழற்றிவிட்டாள்.
அடுப்பு ஒரேமாதிரித்தான் பிள்ளை,
எரிச்ச விறகு வேற என்றேன்.

காந்தமில்லாத வழியும் உண்டு,
நாளத்தில் ஏற்றும் கதிர்க்கரி.
இருபது நிமிடத்துக்கொருக்கால் பாதியாகும்.
ஏ-ஒன்பதில் அது இங்கே வந்துசேர
குப்பியில் பெயர்ச்சீட்டுத்தான் மிஞ்சும்.

மூன்று கிழமை.
கேள்விக்கு முன் இருந்தவர்கள் நூற்றுநான்கு பேர்.
காந்தத்துக்குள் போனது முப்பத்தெட்டு.
வன்னி இதயத்தின் சராசரி என்று
ஒரு எண் அச்சாகும்,
இரும்பு படாத முப்பத்தெட்டுப் பேரின் எண்.

எழுதினேன்: தகுதியில்லை.
காரணம்: உட்புகுந்த உலோகம்.
தலைப்பு அப்படியே மேலே இருந்தது.

கிண்ணத்திலிருந்து தோட்டை எடுத்தவர்
நான் கேட்காமலே சொன்னார்,
"கவரிங்தான்."

கேற்றுவரை நூற்றிருபது அடி.
இரண்டு தரம் நின்றார்.
இரண்டு தரமும் கவியரசி
செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள்.

கையில் பேனை இருந்தது.
இரண்டு என்று எழுத
படிவத்தில் பெட்டி இல்லை.